இன்ஷிராஹ்வின் ஏழாவது பிரசவம்

பெயர்: மவாஹிப் ஸகி அஷ்ஷின்னாவி. வயது: 46. படிப்பு: மன்ஸூராவில் செவிலியர் பட்டம். தொழில்: மீத் ரய்ஹான் மத்திய மருத்துவமனைப் பிரசவப் பகுதியில் தலைமைச் செவிலி. விலாசம்: மீத் ரய்ஹான், கால்வாய்த் தெரு, ரொட்டிச் சூளைக்கு மேல் மாடி. யாரும் அழைக்காமல் தானாகவே நிலையத்துக்கு வந்து, வியாழக்கிழமை காலை பத்தேகால் மணிக்கு விசாரணை அதிகாரி ஹாதிம் முன்னிலையில் சொல்வதாவது:

நான் மேற்படி விலாசத்தில் கணவருடனும் இரண்டு மகள்களுடனும் குடியிருந்து வருகிறேன். மேற்படி மருத்துவமனையில் இருபத்திரண்டு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். இதுவரை என் மேல் எந்த வழக்கும் இல்லை. கடந்த செவ்வாய்க்கிழமை பிரசவப் பகுதி மருந்து அறையில் குளிர்பெட்டியின் பூட்டை உடைத்து மருந்து எடுத்ததாக, மருந்துக் கிடங்குப் பொறுப்பாளர், நாங்கள் மரியாதையாக உஸ்தாத் என்று அழைக்கும் ஃபிக்ரி கொடுத்த புகாரில் செவிலி ஸப்ரீனின் பெயர் மட்டும் உள்ளது. ஸப்ரீன் நேற்று இங்கே வந்து, அதைச் செய்தது தான்தான் என்று ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டிருக்கிறார். அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை தாள்கள் அரசு வழக்கறிஞரிடம் போய்விட்டால் அவருடைய செவிலியர் உரிமம் போய்விடும். அவர் ஒப்புக்கொண்டது உண்மையல்ல. பூட்டை உடைத்தது நான். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

பூட்டு விஷயத்தை மட்டும் சொன்னால் போதும் என்று அதிகாரி சொன்னார். பொம்மையைப் பற்றிச் சொல்லாமல் பூட்டைப் பற்றிச் சொல்ல முடியாது என்று நான் சொன்னேன். அதிகாரி அனுமதித்ததன் பேரில் மேற்கொண்டு சொல்கிறேன்.

எங்கள் மருத்துவமனையில் ஊசி முதல் நாற்காலி வரை ஒவ்வொரு பொருளும் யாரோ ஒருவர் பெயரில் பொறுப்பாக இருக்கும். உடைந்தாலும் தொலைந்தாலும் கையெழுத்துப் போட்டவர்தான் பதில் சொல்ல வேண்டும். ஆகவே எதையும் பூட்டி வைப்பதே எல்லோருக்கும் பழக்கம். மூன்று ஆண்டுகளுக்கு முன் பிரசவ அவசரங்களுக்குப் பயிற்சி கொடுக்க ஒரு ஆளுயரப் பெண் பொம்மை நன்கொடையாக வந்தது. அதன் வயிற்றுக்குள் குழந்தை உண்டு, நாடி துடிக்கும், குழாய் வழியாக ரத்தம் போகவும் செய்யும். கையெழுத்துப் போட யாரும் முன்வராததால் அது இரண்டு ஆண்டு நான்கு மாதம் அட்டைப்பெட்டியோடு கிடங்கில் கிடந்தது. அதன் பிறகு நான் கையெழுத்துப் போட்டேன். பெட்டியை ஒப்படைத்தபோது உஸ்தாத் ஃபிக்ரி, "யோசிச்சுக்குங்க மிஸ், இவ காது கிழிஞ்சா உங்க காதைத்தான் வந்து கேப்பாங்க" என்று சொன்னார். பொம்மைக்கு நாங்கள் இன்ஷிராஹ் என்று பெயர் வைத்தோம்.

ஒத்திகை என்பது பத்துப் பன்னிரண்டு நிமிட வேலை. பிரசவம் முடிந்த பெண்ணுக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை, அல்லது வலிப்பு வந்துவிட்டது என்று ஒரு நிலைமையை நான் சொல்வேன். அன்று பணியில் இருக்கும் மருத்துவர்களும் செவிலியரும் அந்த இடத்திலேயே பொம்மைக்கு வைத்தியம் பார்ப்பார்கள். நான் கழுத்தில் கடிகாரத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு நேரம் குறிப்பேன். அதன் பிறகு எல்லோரும் உட்கார்ந்து தேநீர் குடித்தபடி யார் என்ன சொன்னோம், யார் காதில் அது விழவில்லை என்று பேசுவோம். துப்புரவுப் பணியாளர் உம்மு ராகிப் பொம்மையின் தலைமாட்டில் ஒரு சிறிய முக்காலியில் உட்கார்ந்து இன்ஷிராஹ்வுக்குக் குரல் கொடுப்பார். அவர் அலறும் அலறலில் ஒருமுறை கீழ்த்தளத்தில் சீட்டு வாங்க நின்ற வரிசையே கலைந்துபோனது. ரத்தத்துக்குக் கர்கதே என்னும் சிவப்புச் செம்பருத்திப் பானம் ஊற்றுவோம். அதைக் காய்ச்சிக் குளிரவைத்துக் கொண்டுவருவதும் உம்மு ராகிப்தான். மிச்சத்தைத் தானே குடிப்பதால் அதில் சர்க்கரை போடுவார். ஏன் என்று கேட்டால், "சர்க்கரை இல்லாத ரத்தம் யாருக்கு வேணும்" என்பார்.

முதல் ஒத்திகையில் ஏழு பேர் இருந்தோம். ஏழு பேரும் ரத்தம் கொண்டுவரச் சொல்லிக் கத்தினோம். ஒருவரும் போகவில்லை. ஒவ்வொருவரும் மற்றவர் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டோம். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இருபத்திரண்டு ஆண்டுகளில் இப்படி எத்தனை முறை உயிருள்ள பெண்களைச் சுற்றி நின்று காற்றைப் பார்த்துக் கத்தியிருப்போம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அதன் பிறகு மூன்று பழக்கங்களைக் கற்றோம். ஒருவர் கட்டிலின் கால்மாட்டில் வெறுங்கையோடு நிற்க வேண்டும், அவர் கை நோயாளி மேல் படக்கூடாது, அவரே தலைவர். அவர் எதைச் சொன்னாலும் பெயர் சொல்லிச் சொல்ல வேண்டும். பெயர் கேட்டவர் அதை வாயால் திருப்பிச் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும், செய்த பிறகு முடிந்தது என்றும் சொல்ல வேண்டும்.

மூத்த மகப்பேறு மருத்துவர் டாக்டர் ஷவ்கத்துக்கு வயது அறுபத்தொன்று. பொம்மைக்கு வைத்தியம் பார்க்கத் தான் படிக்கவில்லை என்று சொல்லி முதல் மூன்று ஒத்திகைகளுக்கு அவர் வரவில்லை. நான்காவதற்கு வந்து எல்லாவற்றையும் தன் கையாலேயே செய்தார். ஊசி போட்டார், வயிற்றை அழுத்தினார், செவிலிகளைத் திட்டினார். பதினோராவது நிமிடத்தில் இன்ஷிராஹ் இறந்துவிட்டார் என்று நான் அறிவித்தேன். ரத்தம் கேட்க அவர் மறந்துவிட்டிருந்தார். பக்கத்தில் நின்ற ஸப்ரீனுக்கு அது தெரிந்திருந்தது, ஆனால் சொல்லவில்லை. ஸப்ரீனுக்கு வயது முப்பத்தொன்று. இதே பகுதியில் எட்டு ஆண்டு வேலை செய்தும் மருத்துவர்களிடம் அவர் பேசிய ஒரே வாக்கியம் "சரி டாக்டர்" என்பது. மற்ற செவிலிகள் அவரைச் 'சரி டாக்டர்' என்றே கூப்பிட்டுக் கேலி செய்வார்கள். ஏன் சொல்லவில்லை என்று தேநீர் குடிக்கும்போது கேட்டேன். "அவருக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போகுதுன்னு நினைச்சேன் மிஸ்" என்றார். டாக்டர் ஷவ்கத் தேநீரைக் குடிக்காமல் எழுந்து போனார். மறுநாள் காலை என் அறை வாசலில் நின்றுகொண்டு, அடுத்தது எப்போது என்று கேட்டார்.

அதே நான்காவது ஒத்திகையன்று உஸ்தாத் ஃபிக்ரியும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் என்னிடம், "எனக்கு இதுல வேஷம் ஒண்ணும் இல்லையா மிஸ்?" என்று கேட்டார். "உங்களுக்கு எதுக்கு உஸ்தாத், நீங்க கை தட்டுங்க போதும்" என்று நான் சொன்னேன். எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்துவிட்டுப் போனார். இதை அதிகாரி எழுத வேண்டாம் என்று நினைத்தார். இது முக்கியம் என்று நான் சொன்னதால் எழுதப்பட்டது.

ஐந்தாவது ஒத்திகையின்போது மயக்க மருந்து நிபுணர் டாக்டர் தெரேஸ் தலை சுற்றித் தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் கிறிஸ்தவர், அவர்களுடைய பெரிய நோன்புக் காலம் அது, காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. நாங்கள் அதையும் நடிப்பு என்று எண்ணி அரை நிமிடம் அவரைப் பாராட்டிக்கொண்டிருந்தோம். அதன் பிறகு, இது நடிப்பில்லை உண்மை என்று அறிவிக்க ஒரு சொல் வேண்டும் என்று முடிவு செய்தோம். உண்மை, நிஜம் என்ற சொற்களை ஒத்திகையிலும் எல்லோரும் சொல்வதால் அவை உதவவில்லை. அப்போது டாக்டர் தெரேஸே, வஹ்ஹிதூஹ் என்ற சொல்லை வைத்துக்கொள்ளலாம் என்றார். இறைவன் ஒருவனே என்று சொல்லுங்கள் என்பது அதன் பொருள் என்பதும், சந்தையில் சண்டை மூண்டாலும் தெருவில் ஜனாஸா ஊர்வலம் போனாலும் யாராவது ஒருவர் அதைச் சொல்வார் என்பதும், காதில் விழுந்த எல்லோரும் செய்துகொண்டிருப்பதை விட்டுவிட்டு லா இலாஹ இல்லல்லாஹ் என்று பதில் சொல்வார்கள் என்பதும் அதிகாரி அறிந்ததே. விளையாட்டுக்கு அதை யாரும் சொல்ல மாட்டார்கள். "எங்க தெருவுல எதிர்வீட்டு ஹாஜ் சொல்வாரு, எங்க அப்பாவும் சேர்ந்துதான் பதில் சொல்வாரு. ஒருத்தன்தானே, அதுல எங்களுக்கும் சண்டை இல்ல" என்று டாக்டர் தெரேஸ் சொன்னார். அன்றிலிருந்து ஒத்திகையில் யாரும் அந்தச் சொல்லைச் சொல்வதில்லை என்றும், சொன்னால் அது நிஜம் என்றும் ஒப்புக்கொண்டோம்.

செவ்வாய்க்கிழமை நடந்தது ஏழாவது ஒத்திகை. அன்று காலை ஒன்பது நாற்பதுக்கு ஒன்றாம் கட்டிலில் கரீமான் என்பவருக்குப் பெண் குழந்தை பிறந்தது. அவருக்கு இருபத்தேழு வயது, இது இரண்டாவது பிரசவம். சிக்கல் எதுவும் இல்லை. பத்தே முக்காலுக்கு ஸப்ரீன் அவரைச் சோதித்து நன்றாக இருப்பதாக எழுதியிருக்கிறார். பதினோரு மணிக்கு மூன்றாம் கட்டிலில் இன்ஷிராஹ்வைப் படுக்கவைத்து ஒத்திகையைத் தொடங்கினேன். இரண்டாம் கட்டில் காலி. ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடையில் திரை. கரீமான் திரைக்கு அந்தப் பக்கமிருந்து, இன்ஷிராஹ் ஏழாவது தடவையாகப் பெறுகிறாளே, அவள் புருஷன் ஒருமுறையாவது எட்டிப் பார்த்தானா என்று கேட்டு எங்களைச் சிரிக்கவைத்தார். உம்மு ராகிப் அலறும்போதெல்லாம் அவர் சிரிப்பது எங்களுக்குக் கேட்டது. அந்தச் சிரிப்பு எப்போது நின்றது என்பது எனக்குத் தெரியாது. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆறாவது நிமிடத்தில் உம்மு ராகிப் ஒரு அலறலைப் பாதியிலேயே நிறுத்தினார். முக்காலி தாழ்வானது, ஆகவே தரை அவர் கண்ணுக்குப் பக்கத்தில் இருந்தது. திரைக்கு அடியில் சிவப்பாக ஒரு கோடு காலிக் கட்டிலின் கீழே வந்துகொண்டிருந்ததை அவர் பார்த்திருக்கிறார். தான் ஊற்றிய கர்கதே இந்தப் பக்கம் இருக்க, அந்தப் பக்கத்திலிருந்து ஏன் வருகிறது என்று குனிந்து விரலை வைத்திருக்கிறார். குளிர்ந்த கர்கதேயை அரை மணி நேரத்துக்கு முன்புதான் அவர் வெளியே எடுத்திருந்தார். பக்கத்தில் நின்ற ஸப்ரீனின் சட்டையைப் பிடித்து இழுத்து, "இது சூடா இருக்கு" என்று மட்டும் சொன்னார்.

ஸப்ரீன் போய்த் திரையை விலக்கினார். கரீமானின் முகம் தலையணை உறையின் நிறத்தில் இருந்தது. கண் திறந்திருந்தது, பேச்சு இல்லை. படுக்கை நனைந்து கீழே சொட்டிக்கொண்டிருந்தது. ஸப்ரீன் முதலில் டாக்டர் ஷவ்கத்தைக் கூப்பிட்டார். பொம்மையின் வயிற்றில் கை வைத்திருந்த டாக்டர் ஷவ்கத் திரும்பாமலே, "இன்னொரு கேஸும் சேத்துட்டீங்களா மிஸ் மவாஹிப், இது கணக்குல இல்லையே" என்று சிரித்தார். நானும் ஸப்ரீன் ஏதோ தானாகச் சேர்த்து நடிக்கிறார், பரவாயில்லை, பேச ஆரம்பித்துவிட்டார் என்று நினைத்தேன். நான் அப்படி நினைத்தேன் என்பதையும் எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அதன் பிறகு ஸப்ரீன், "வஹ்ஹிதூஹ்" என்றார். கத்தவில்லை. அறையில் இருந்த ஒன்பது பேரும் பதில் சொன்னோம். பதில் சொல்லி முடித்தபோது எல்லோருடைய கையும் நின்றுவிட்டிருந்தது, எல்லோரும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். டாக்டர் ஷவ்கத் பொம்மையை விட்டுவிட்டு ஓடி வந்தார். அவருடைய வயதில் ஒருவர் அவ்வளவு வேகமாக ஓடி நான் பார்த்ததில்லை.

இதற்குப் பிறகு நான் சொல்லும் நிமிடங்கள் எல்லாம் சரியானவை. ஒத்திகைக்காக ஓடவிட்ட கடிகாரத்தை நான் நிறுத்தவில்லை, அது என் கழுத்தில் ஓடிக்கொண்டே இருந்தது.

ஏழாவது நிமிடத்தில் டாக்டர் ஷவ்கத் ஒரு கையை உள்ளேயும் மற்றதை வயிற்றின் மேலும் வைத்துக் கருப்பையை அழுத்திப் பிடித்தார். பிரசவம் முடிந்தும் கருப்பை சுருங்காமல் பஞ்சுமூட்டை மாதிரி இருந்ததால்தான் ரத்தம் நிற்கவில்லை. அவருடைய இரண்டு கையும் நோயாளி மேல் இருந்ததால் அவர் தலைவராக இருக்க முடியாது. நான் கால்மாட்டுக்குப் போக வேண்டும் என்று அடி எடுத்து வைத்தேன். அங்கே ஏற்கெனவே ஸப்ரீன் வெறுங்கையோடு நின்றுகொண்டிருந்தார். நான் நின்றுவிட்டேன்.

அவர் பெயர் சொல்லிச் சொல்லத் தொடங்கினார். டாக்டர் தெரேஸை இரண்டு கையிலும் ஊசிக்குழாய் போடச் சொன்னார். டாக்டர் தெரேஸ் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டுச் செய்தார். உம்மு ராகிப்பை ரத்த வங்கிக்கு ஓடச் சொன்னார். உம்மு ராகிப் "ரத்த வங்கிக்கு ஓடறேன்" என்று சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றிவிட்டு ஓடினார். முதல் மருந்து சொட்டுக் குழாயில் ஏற்கெனவே போய்க்கொண்டிருந்தது. பதினோராவது நிமிடத்தில், அதாவது நான்காவது ஒத்திகையில் இன்ஷிராஹ் இறந்துபோன அதே நிமிடத்தில், கருப்பை இன்னும் சுருங்கவில்லை என்று டாக்டர் ஷவ்கத் சொன்னார். அவர் நெற்றி வியர்வை கண்ணில் இறங்கிக்கொண்டிருந்தது. "அடுத்து என்ன, ஸப்ரீன்?" என்று கேட்டார்.

"ரெண்டாவது ஊசி, டாக்டர். நீங்க கையை மட்டும் எடுக்காதீங்க."

"சரி, ஸப்ரீன்" என்றார் டாக்டர் ஷவ்கத்.

இரண்டாவது ஊசி மருந்து குளிரில் இருக்க வேண்டியது. மருந்து அறைக் குளிர்பெட்டியில் இருக்கும். குளிர்பெட்டிக்கு இரும்புப் பட்டை வைத்துப் பூட்டு. சாவி உஸ்தாத் ஃபிக்ரியின் பையில். இருப்புத் தாள்களை ஒப்படைப்பதற்காக அவர் அன்று மன்ஸூராவில் உள்ள மாகாணச் சுகாதார அலுவலகத்துக்குப் போயிருந்தார். அந்த இடத்தில் என் தவறு ஒன்று உள்ளது. ஏழு ஒத்திகையிலும் நான் அந்த மருந்தின் காலிக் குப்பிகளைத் தட்டில் வைத்திருந்தேன். ஒருவர் "மருந்து குடுத்தாச்சு" என்று சொன்னால் கொடுத்ததாகக் குறித்துக்கொண்டேன். கதவு, பூட்டு, சாவி, சாவியை வைத்திருக்கும் மனிதர் என எதையும் யாரையும் நான் ஒத்திகையில் சேர்க்கவில்லை. சேர்த்துக்கொள்ளச் சொல்லி அவர் தாமாக வந்து கேட்டபோது அவரைக் கை தட்டச் சொன்னேன்.

பன்னிரண்டாவது நிமிடத்தில் அவருக்குத் தொலைபேசியில் பேசினேன். எல்லோருக்கும் கேட்கும்படி சத்தமாக வைத்தேன். அவர் திரும்பி வரும் சிற்றுந்தில் இருந்தார். "கை வைக்காதீங்க மிஸ், அது என் பொறுப்பு, நாப்பது நிமிஷத்துல வந்துடறேன்" என்றார்.

"நாப்பது நிமிஷம் இந்தம்மாகிட்ட இல்ல" என்று ஸப்ரீன் கால்மாட்டிலிருந்து சொன்னார். அதன் பிறகு, "மிஸ் மவாஹிப், பூட்டை உடைங்க" என்று தலைவர் ஸப்ரீன் சொன்னார்.

ஸப்ரீன் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் அவர் கையைப் பிடித்து நரம்பு தேடக் கற்றுக்கொடுத்தவள் நான். அந்தக் குரலில் அவர் என்னிடம் பேசியதில்லை. வேறு யாரும் பேசியதில்லை. எனக்குக் கோபம் வரவில்லை. நான் கற்றுக்கொடுத்ததுபோலவே, "பூட்டை உடைக்கிறேன்" என்று திருப்பிச் சொன்னேன். தொலைபேசி கையில் இருந்ததால் உஸ்தாத் ஃபிக்ரி இரண்டையும் கேட்டார். உத்தரவு கொடுத்த குரல் ஸப்ரீனுடையது என்பதால் புகாரில் அந்தப் பெயரை எழுதியிருக்கிறார். அதில் அவர் பொய் சொல்லவில்லை.

ஆக்ஸிஜன் உருளையைத் திறக்கும் இரும்புச் சாவியை எடுத்துக்கொண்டு மருந்து அறைக்கு ஓடினேன். முதல் அடியில் பூட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது அடி என் கட்டைவிரலில் பட்டது. காயத்தை அதிகாரியிடம் காட்டினேன். மூன்றாவதில் பூட்டு உடையவில்லை, பட்டை ஆணியோடு பிய்ந்து வந்தது. ஆகவே புகாரில் பூட்டு உடைந்ததாக எழுதியிருப்பது சரியல்ல, அந்தப் பூட்டு இன்னும் பூட்டியபடியே இருக்கிறது. நான்கு குப்பி எடுத்தேன். "உடைச்சாச்சு" என்று அங்கிருந்தே கத்தினேன். "உடைச்சாச்சா, வாங்க" என்று ஸப்ரீனின் குரல் நடைபாதை வழியாக வந்தது. ஓடி வரும்போது எனக்குப் பயம் இருந்தது. அதைவிட அதிகமாகச் சந்தோஷம் இருந்தது. என் கால் தரையில் பட்டதாகவே நினைவில்லை. சந்தோஷம் என்பது வழக்குக்குத் தேவையில்லை என்று அதிகாரி சொன்னார். குற்றம் செய்தவளின் மனநிலையைக் கேட்பது உங்கள் வழக்கம்தானே என்று நான் கேட்டதால் எழுதப்பட்டது.

பதினான்காவது நிமிடம் அந்த மருந்தின் முதல் குப்பியை ஊசியாகப் போட்டோம். உம்மு ராகிப் வெறுங்காலோடு இரண்டு பை ரத்தத்தை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். இருபத்தொன்பதாவது நிமிடம் இரண்டாவது குப்பி. டாக்டர் ஷவ்கத்தின் தோள்கள் நடுங்கின. வேறொருவர் மாற்றிக்கொள்ளட்டுமா என்று ஸப்ரீன் கேட்டார். வேண்டாம் என்று டாக்டர் தலையை ஆட்டினார். தலையை ஆட்டினால் போதாது, வாயால் சொல்லுங்கள் என்று ஸப்ரீன் சொன்னார். "வேண்டாம்மா" என்று வாயால் சொன்னார். முப்பத்து நான்காவது நிமிடத்தில் அவர் கண்ணை மூடிக்கொண்டு, "ஆச்சு. கல்லு மாதிரி ஆச்சு" என்றார். கருப்பை சுருங்கிவிட்டது. ரத்தம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்துக் கரீமான் கண்ணைத் திருப்பி, தன் பிள்ளை எங்கே என்று கேட்டார். அப்போதுதான் நான் கடிகாரத்தை நிறுத்தினேன். அந்தக் கடிகாரத்தை இத்துடன் ஒப்படைக்கிறேன், நேரம் அதில் இன்னும் அப்படியே இருக்கிறது.

மிச்சம் இருந்த இரண்டு குப்பிகளையும் குளிர்பெட்டியில் திரும்ப வைத்து, ஒரு தாளில் என் பெயரை எழுதி உள்ளே ஒட்டினேன். ஈரத்தில் அந்தத் தாள் கீழே விழுந்து மை கரைந்திருந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். கரீமான் இப்போது நலமாக இருக்கிறார். நேற்று குழந்தைக்கு இன்ஷிராஹ் என்று பெயர் வைக்க வேண்டும் என்றார். பொம்மையின் பெயரையா வைப்பது என்று மாமியார் ஒப்புக்கொள்ளவில்லை. அது இன்னும் தீரவில்லை.

அதிகாரி கேட்டதன் பேரில் சொல்வது: ஸப்ரீன் ஏன் தன் மேல் போட்டுக்கொண்டார் என்பது எனக்குத் தெரியும். சொன்னவர் தலைவர், ஆகவே பொறுப்பு தலைவருடையது என்று நினைத்திருப்பார். கால்மாட்டில் நிற்பவர் எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல வேண்டும் என்று நான்தான் கற்றுக்கொடுத்தேன். ஆனால் அடித்தது என் கை. என் மேல் வழக்குப் பதியலாம். நான் ஏற்றுக்கொள்கிறேன். ஸப்ரீனின் பெயரை எடுத்துவிட வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

அப்போது அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டு, எனக்கு முன்பாக டாக்டர் ஷவ்கத் தொலைபேசியில் பேசியதாகவும், பூட்டை உடைத்தது தான்தான் என்று அவர் சொன்னதாகவும் தெரிவித்தார். "அவரோட ரெண்டு கையும் எங்க இருந்துச்சுன்னு இப்பத்தானே சொன்னேன் பாஷா" என்று அதிகாரியிடம் மரியாதையாகவே சொன்னேன். அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டார். ஒரு பூட்டுக்கு மூன்று பேர் சொந்தம் கொண்டாடுவதைத் தன் பணிக்காலத்தில் பார்த்ததில்லை என்றார்.

அதன் பிறகு அதிகாரி ஒரு சந்தேகம் கேட்டார். டாக்டர் ஷவ்கத் தன் தாயாருக்கும் தனக்கும் தெரிந்தவர் என்றும், அமைச்சரே வந்து சொன்னாலும் கேட்காத மனிதர் என்றும், ஒரு செவிலி ஒரு சொல் சொன்னதற்கு அவர் வேலையை விட்டுவிட்டு ஓடி வந்தார் என்பதை அரசு வழக்கறிஞர் நம்ப மாட்டார் என்றும் சொன்னார். அந்த நேரத்தில் இந்த அறையின் சன்னல் ஓரத்தில் ஆட்டோ விபத்து விஷயமாக வந்த இருவர் நான் வந்த நேரத்திலிருந்து ஒருவரையொருவர் ஏசிக்கொண்டிருந்தார்கள். காவலர் ஒருவர் அவர்களை அதட்டிக்கொண்டிருந்தார். இன்னொருவர் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். நான் குரலை உயர்த்தாமல், ஸப்ரீன் சொன்னதுபோல அந்தச் சொல்லைச் சொன்னேன்.

சண்டைக்காரர்கள் இருவரும், காவலர்கள் இருவரும், அதிகாரியும் பதில் சொன்னார்கள். மூடியிருந்த கதவுக்கு வெளியே நடைபாதையிலிருந்தும் ஒரு குரல் பதில் சொன்னது. அதன் பிறகு அறையில் சத்தம் இல்லை. அந்த வெளிக்குரல் உஸ்தாத் ஃபிக்ரியுடையது என்று எனக்குத் தெரிந்தது. விசாரணைக்காக அவரையும் வரச் சொல்லியிருக்கிறார்கள், எவ்வளவு நேரமாக அங்கே உட்கார்ந்திருந்தார் என்பது எனக்குத் தெரியாது. அதிகாரி அவரை உள்ளே அழைத்தார்.

உஸ்தாத் ஃபிக்ரி, அந்தப் பெண் பிழைத்தது தனக்குச் சந்தோஷம்தான் என்றும், ஆனால் பட்டை பிய்ந்த குளிர்பெட்டியும் குறைந்த இரண்டு குப்பிகளும் தன் பெயரில் இருப்பதாகவும், இரண்டு ஆண்டில் ஓய்வு பெறப்போகும் தன்னிடம் அவற்றுக்கு ஒரு தாள் இல்லாவிட்டால் தன்னைத்தான் கள்ளன் என்பார்கள் என்றும் சொன்னார். நான் அவரைப் பார்த்து, சாவி இல்லாமல் பயிற்சி நடத்தியது என் பிழை என்று சொன்னேன். "எட்டாவது ஒத்திகை அடுத்த செவ்வாய், உஸ்தாத். முதல் வேஷம் உங்களுக்குத்தான். நீங்க சாவியோட எங்க இருந்தாலும் ஓடி வரணும், நான் நேரம் குறிப்பேன்" என்றேன்.

அவர் பையிலிருந்து தன் சாவிக்கொத்தை எடுத்தார். "எனக்கு முட்டி வலி மிஸ்" என்றார். அதன் பிறகு கொத்திலிருந்து ஒரு சாவியைக் கழற்றி மேசை மேல் வைத்தார். "இது இன்னொரு சாவி. கால்மாட்டுல நிக்கறது யாரோ அவங்ககிட்ட இருக்கட்டும். ஸப்ரீன் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கட்டும்" என்றார். தான் கொடுத்த புகாரை, சிகிச்சைக்காகப் பட்டை நீக்கப்பட்டது என்று திருத்தி எழுதித் தருவதாகவும் அதிகாரியிடம் சொன்னார்.

மேற்கண்டவற்றை நான் யாருடைய வற்புறுத்தலும் இன்றிச் சொன்னேன். எனக்கு வாசித்துக் காட்டினார்கள். 'செவிலி ஸப்ரீன் கட்டளையிட்டார்' என்று எழுதியிருந்த இடத்தில் 'தலைவர் ஸப்ரீன் சொன்னார்' என்று மாற்றச் சொன்னேன், மாற்றினார்கள். மற்றவை நடந்தபடியே இருக்கின்றன. கட்டைவிரலில் கட்டுப் போட்டிருப்பதால் கையெழுத்து சற்றுக் கோணலாக உள்ளது.

(ஒப்பம்) மவாஹிப் ஸகி அஷ்ஷின்னாவி

சாட்சி: (ஒப்பம்) ஃபிக்ரி அப்துல் முஃதீ, மருந்துக் கிடங்குப் பொறுப்பாளர்